பதினோரு மணி வெயில்

அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளைக்கு எழுநூறு எண்ணூறு போன் வரும். அத்தனையும் முதலில் அவள் காதில்தான் விழும். "வணக்கம், ஆஸ்பத்திரி" என்று அவள் சொல்லி முடித்ததும் மறுமுனையில் விடுகிற மூச்சிலேயே எந்த வார்டு என்று பாதி தெரிந்துவிடும். பிரசவ வார்டைக் கேட்பவர்கள் வார்த்தையை விழுங்குவார்கள். பிணவறையைக் கேட்பவர்கள் நிறுத்தி நிதானமாகப் பேசுவார்கள், அவர்களுக்கு இனி என்ன அவசரம். டாக்டர்கள், நர்சுகள், வாசல் காவலாளி எல்லோருக்கும் அவள் ஆபரேட்டரம்மா. இருபது வருஷமாக அதே நாற்காலி, அதே ஹெட்போன்.

கண் போக ஆரம்பித்தது பத்து வருஷத்துக்கு முன்னால். முதலில் இருட்டில் தடுமாறினாள். பிறகு பார்வையின் ஓரங்களைக் கரையான் அரிப்பதுபோல ஏதோ அரித்துக்கொண்டே வந்தது. பரம்பரை வியாதி, மருந்து கிடையாது என்று கண் டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இப்போது வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில், நல்ல வெயிலில், பொருளை மூக்குக்கு நேராகக் கொண்டுவந்தால் நிறம் மட்டும் தெரியும். உருவம் தெரியாது. வீட்டுக்குள் எல்லாமே சாம்பல்தான். டெலிபோன் போர்டில் இருக்கும் பொத்தான்களை விரல் அறியும் என்பதால் வேலைக்கு ஆபத்தில்லை.

போன மாதம் பரிசோதித்தபோது டாக்டர் சொன்னார்: "நிறம் தெரியறவரைக்கும் பார்க்கறதைப் பார்த்துக்கோங்கம்மா. அதுக்கும் நாள் குறிச்சாச்சு."

அவள் புருஷன் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். பேச்சுக்குப் பேர்போன கண்டக்டர். "உள்ள போங்க, உள்ள போங்க, பஸ்ஸோட பின்பக்கமும் இதே ஊருக்குத்தான் போகுது" என்று அவன் குரல் கொடுத்தால் நெரிசலில் மூச்சு முட்டுகிறவர்கள்கூடச் சிரிப்பார்கள். அவனுக்காகவே ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு நிற்கிறவர்கள் உண்டு. அப்படியொரு வாயில் மயங்கித்தான் அவளும் ஒரு காலத்தில் அவன் பஸ்ஸில் ஏறினாள். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம்வரை போனாள்.

ஆனால் வீட்டுக்குள் இந்த நாலைந்து வருஷமாக ஒரு புதுப் பழக்கம். சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவள் டீ கொண்டுவந்து கொடுப்பாள். யாரும் ஒன்றும் பேசியிருக்க மாட்டார்கள், ஆனால் சிரிப்புச் சத்தம் கேட்கும். கொழுந்தன் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். "என்ன?" என்பாள். "ஒண்ணுமில்ல அண்ணி" என்பான். அவள் முதுகுக்குப் பின்னால் புருஷன் ஏதோ மூஞ்சி காட்டுகிறான் என்று புரிந்துகொள்ளக் கண் தேவையில்லை. கேட்டால் சண்டை. கேட்காவிட்டால் வயிற்றில் ஒரு கல். அவள் கல்லையே வைத்துக்கொண்டாள்.

தெற்கே இருக்கும் பழைய தலைநகரத்தைப் பற்றிச் சொன்னது ஒரு நர்ஸ். கோட்டை, பீரங்கி மேடை, மணிக்கூண்டு எல்லாம் இருக்கிற ஊர். அங்கே அரண்மனையில் ஒரு மண்டபம். கிழக்குச் சுவர் முழுக்கக் கலர்க் கண்ணாடி ஜன்னல். "பதினோரு மணி வெயில் அடிச்சா தரையெல்லாம் சிவப்பும் பச்சையும் நீலமுமா வழியும் ஆபரேட்டரம்மா. நடுவுல நின்னா நம்ம மேலயே வழியும். உங்களுக்குக்கூடத் தெரியும்னு நினைக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. நாற்பத்தேழாவது பிறந்தநாள் வந்தபோது, என்ன வேண்டும் என்று பேச்சுக்குக் கேட்ட புருஷனிடம் அதைச் சொன்னாள். அவன் மறுக்கவில்லை. டியூட்டியை ஒரு சிநேகிதனிடம் மாற்றிக்கொண்டு, காலை ஆறு மணி ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தான்.

பொய் சொல்லக்கூடாது, ரயிலில் அவன் நன்றாகவே இருந்தான். ஜன்னலுக்கு வெளியே வருகிறதையெல்லாம் நிறுத்தம் நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். "இப்ப ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போறான். சைக்கிள்ல ஒரு ஆடு உட்கார்ந்திருக்கு. ஓட்டத் தெரியாத ஆடு போல." எதிர் சீட்டில் இருந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் சிரித்தாள். புதிதாக வாங்கிய வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தாள். வெள்ளையில்தான் நிறம் நன்றாக விழும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஒன்பதரைக்கு ஊர் வந்தது. கோட்டை வாசலில் கல்லைத் தடவிப் பார்த்தாள். பீரங்கியின் வாய்க்குள் கையை விட்டாள், உள்ளே யாரோ போட்ட பிஸ்கட் காகிதம் இருந்தது. மணிக்கூண்டின் அடியில் நின்று பத்து மணி அடிப்பதைக் கேட்டாள். ஒவ்வொரு அடியும் நெஞ்சுக்கூட்டில் இறங்கியது. அவன் தோளை அவள் பிடித்திருந்தாள். கல்யாணமான புதிதில் பிடித்ததுபோல என்று ஒரு கணம் தோன்றியது.

பத்தே முக்காலுக்கு அரண்மனை வாசலுக்கு வந்தார்கள். அங்கே அவன் சட்டென்று நின்றான். தோள் இறுகியதை அவள் கை அறிந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. முன்வாசல்ல கூட்டம் அள்ளுது. பின்வாசல் வழியா போயிடலாம்."

கூட்டத்தின் சத்தம் எதுவும் அவள் காதில் விழவில்லை. ஒரு காக்கை கத்தியது, அவ்வளவுதான். ஆனால் நல்ல நாளில் எதற்குக் கேள்வி என்று விட்டுவிட்டாள். மூடிய வாசலில் ஒரு பலகை தொங்கியதும், செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று அதில் எழுதியிருந்ததும் அவளுக்கு எப்படித் தெரியும்? வருவதற்கு முன்னால் யாரையாவது விசாரித்திருக்கலாம். அவன் விசாரிக்கவில்லை. விசாரிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள அவனுக்கு வாய் வரவில்லை. அத்தனை பேச்சுப் பேசுகிற வாய்க்கு அந்த ஒரு வாக்கியம் கனமாக இருந்தது.

மதில் ஓரமாகவே நடத்திக்கொண்டு போனான். காலடியில் சரளைக்கல், பிறகு புல், பிறகு சிமெண்ட். ஒரு படி ஏறினார்கள். வெயில் போய் நிழல் வந்தது.

"வந்தாச்சு. தலையைக் குனிஞ்சுக்கோ, ராஜா காலத்து வாசல்."

உள்ளே சுண்ணாம்பும் துருவும் சாக்கும் கலந்த வாடை.

"அரண்மனைல இரும்பு வாடை அடிக்குதே?"

"ஆயுதசாலைம்மா. கத்தி, கேடயம். எல்லாம் அந்தக் காலத்து இரும்பு."

அவள் "ஹோ" என்று மெல்லக் குரல் கொடுத்துப் பார்த்தாள். குரல் மேலே போய்த் திரும்பவில்லை, பக்கத்திலேயே விழுந்தது. பெரிய மண்டபத்தில் இப்படி விழாதே என்று நினைத்தாள். அப்போது அவன் போன் அடித்தது. கொழுந்தன். வீடியோவில் வந்திருந்தான்.

"அண்ணி, பிறந்தநாள் வாழ்த்து! எங்க இருக்கீங்க?"

"அரண்மனைல இருக்கோம் தம்பி" என்றாள்.

புருஷன் போனை ஒருமுறை சுற்றிக் காட்டியிருக்க வேண்டும். "அண்ணே..." என்று ஆரம்பித்தவன் அப்படியே அடங்கினான். புருஷன் "சரிடா, அப்புறம் கூப்பிடறேன்" என்று சொன்னான். ஆனால் போனைக் கட் செய்யவில்லை. அதுவரை சமாளிப்பதற்காகச் சொன்ன பொய்தான். பார்க்க ஓர் ஆள் கிடைத்ததும் அது கூத்தாகிவிட்டது. ஆள் கூடினால் சும்மா இருக்க மாட்டாதவன் அவன். ஒரே ஒரு ஆளானாலும் அவனுக்குக் கூட்டம்தான்.

"இந்தா, இதைத் தொட்டுப் பாரு. ராஜா உட்கார்ந்த சிம்மாசனம்."

தொட்டாள். மரக் கைப்பிடி. ஒரு பக்கம் ஆடியது. பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது.

"உட்காரலாமா?"

"உனக்கில்லாததா? பிறந்தநாள் ராணி. உட்காரு."

உட்கார்ந்தாள். நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழாமல் இருக்க இரண்டு கையையும் விரித்தாள். எங்கோ பக்கத்தில் யாரோ மூச்சை அடக்குவதுபோல ஒரு சின்னச் சத்தம். எலியாக இருக்கும் என்று நினைத்தாள்.

"இப்பதான் முக்கியம்" என்றான் அவன், டிரைவருக்கு விசில் கொடுக்கிற சுறுசுறுப்போடு. "மணி பதினொண்ணு. எழுந்திரு. இங்க நில்லு. கையை நீட்டு. நீட்டிட்டியா? இப்ப உன் கை பூராவும் சிவப்பு. ரத்தச் சிவப்பு. அப்படியே வழியுது."

அவள் உள்ளங்கையை விரித்து, மெல்ல இடது கண்ணுக்கு நேரே கொண்டுவந்தாள்.

சாம்பல்.

இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். கண்ணை அகல விரித்தாள், சுருக்கினாள். சாம்பல்தான். புதுச் சட்டையின் நெஞ்சைப் பிடித்து முகத்துக்கு உயர்த்தினாள். அதுவும் சாம்பல்.

"சட்டைல பச்சை விழுது பாரு. தோள்ல நீலம்."

காலையில் ரயில் ஜன்னலில் ஏதோ மஞ்சள் போனதே? அது மஞ்சள்தானா, அல்லது அவன் மஞ்சள் என்று சொன்னதால் தெரிந்ததா? டாக்டர் நாள் குறித்தாயிற்று என்றாரே, அந்த நாள் இன்றைக்கா? சினிமா முடிந்து விளக்குப் போடாமல் வெளியே அனுப்புவதுபோல, இப்படியா முடியும்? ஒரு சத்தம்கூட இல்லாமலா?

அந்த நேரத்திலும் அவள் நினைத்தது அவனைத்தான். டியூட்டியை மாற்றிக்கொண்டு, விடியலில் எழுந்து, இவ்வளவு தூரம் கூட்டிவந்திருக்கிறான். இப்போது போய் ஒன்றுமே தெரியவில்லை என்று சொன்னால் அவன் முகம் எப்படிப் போகும்? அழுகையை விழுங்கினாள். நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசுகிற குரல் ஒன்று அவளிடம் உண்டு, தேறிவிடுவார் என்று நம்ப வைக்கிற குரல். அதை எடுத்துக்கொண்டாள்.

"தெரியுதுங்க. அழகா இருக்கு."

"நிஜமாவா? அப்ப நீயே சொல்லு, இப்ப உன் கைல எந்தக் கலரு?"

அவள் வெறும் சாம்பலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பச்சை" என்றாள்.

மூக்கைப் பொத்தி அடக்கியிருந்த சிரிப்பு அப்போது பீறிட்டு வந்தது. போனிலிருந்து. "பச்சையாம் அண்ணே! பச்சையாம்!" கொழுந்தன் குரல். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். செல்போன் கடையில் வேலை செய்கிறவன், கூட இருந்த பையன்களையும் கூட்டி வைத்துக் காட்டியிருக்கிறான். புருஷனும் சிரித்தான். பஸ்ஸில் சிரிக்கிற அதே கணீர் சிரிப்பு.

அவள் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"யாருய்யா உள்ள?" என்று வாசலிலிருந்து ஓர் அதட்டல். சாவிக்கொத்துச் சத்தம். "யாரைக் கேட்டு வந்தீங்க?"

வயசான குரல். பொய் சொல்லிப் பழகாத குரல் என்று அவளுக்குப் பட்டது. அந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, எனக்குக் கண்ணு தெரியாது. இது என்ன இடம்?"

"நகராட்சி கிடங்கும்மா. உடைஞ்ச நாற்காலி, பழைய தகரம், பெயிண்ட் டப்பா."

"கலர்க் கண்ணாடி மண்டபம்?"

"அது மதிலுக்கு அந்தப் பக்கம். இன்னைக்கு லீவாச்சே. நாளைக்கு ஒன்பது மணிக்குத் திறப்பாங்க."

"இங்க கலர் வெளிச்சம் ஏதாச்சும் விழுதா?"

"இங்க வெளிச்சமே விழாதும்மா, கலருக்கு எங்க போறது?"

கோபம் வரவில்லை. அது பின்னால் வந்தது. முதலில் வந்தது இன்னொன்று. அப்படியானால் கண் போகவில்லை, போகாமலும் இருக்கலாம். இதுதான் அவளுக்குத் தோன்றியது.

"ஐயா, வெயில்ல ஏதாவது சிவப்பா இருக்கா? எதுவா இருந்தாலும் சரி."

"வாசல்ல தீயணைக்கற மணல் வாளி தொங்குது."

"என்னைக் கூட்டிட்டுப் போங்க."

காவலாளி அவள் முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். அவள் குனிந்து, வெயிலில் காய்ந்து சுடுகிற தகர வாளியில் மூக்கு இடிக்கும்வரை முகத்தைக் கொண்டுபோனாள். ஒன்றுமில்லை. தலையை அரை அங்குலம் திருப்பினாள்.

சிவப்பு.

பழைய, வெளுத்த, அழுக்குச் சிவப்பு. ஆனாலும் சிவப்பு. அவள் அந்த வாளியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, உள்ளே இருந்த மணல் சட்டையில் கொட்டக் கொட்ட, வாய்விட்டு அழுதாள்.

"பாருடா, வாளியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழறா உங்க அண்ணி" என்று புருஷன் பின்னால் சொல்வது கேட்டது. போனை இன்னும் அவன் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அந்த போனைக் கீழ போடுய்யா" என்றார் காவலாளி. "பொண்டாட்டிதானே அது?"

அதற்குப் பிறகுதான் கட் செய்தான்.

அரண்மனைக்கு எதிரே ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தவள் அசையவில்லை. அவன் முதலில் சமாதானம் பேசினான். "சும்மா ஒரு விளையாட்டுக்கு. லீவுன்னு தெரிஞ்சா உன் மனசு உடைஞ்சு போயிடும்னுதான் செஞ்சேன்." பிறகு கேக் வாங்கி வந்து கையில் வைத்தான். அவள் அதைப் பெஞ்சில் வைத்தாள், எறும்பு வந்தது. பிறகு அவனுக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு செலவு பண்ணி உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். உனக்கு எதையும் சிரிச்சு எடுத்துக்கத் தெரியாது. அதான் உன் வியாதி. கண்ணு இல்ல."

அவள் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"உங்க பஸ்ல சிரிக்கறவங்க ரெண்டு நிறுத்தத்துல இறங்கிடுவாங்க. அதனாலதான் நீங்க அவங்களுக்கு இனிக்கறீங்க. நான் இறங்காம இருந்துட்டேன். தப்பு என்னோடது."

"அஞ்சு மணிக்கு ரயில். வர்றியா இல்லையா?"

"நாளைக்கு மண்டபம் பார்த்துட்டு வர்றேன்."

"எனக்குக் காலைல டியூட்டி."

"போங்க."

"கண்ணு தெரியாதவ தனியா இங்க என்ன கிழிக்கப் போறே?"

"போங்க."

அவன் செருப்பைத் தரையில் ஓங்கி ஓங்கி வைத்துப் போனான். பத்தடியில் சத்தம் நின்றது. போகவில்லை, நின்று வேடிக்கை பார்க்கிறான். அவள் பயந்து கூப்பிடுவாள், கையை நீட்டித் துழாவுவாள் என்று காத்திருக்கிறான். மூச்சு விடும்போது அவன் மூக்கில் ஒரு சீட்டி கேட்கும், இருபது வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு அது தெரியாதா.

"மூக்கு விசிலடிக்குதுங்க" என்றாள், அவன் நின்ற திசைக்கே முகத்தைத் திருப்பி. "வண்டி கிளம்பட்டும்."

அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு நிஜமாகவே போனான். அந்த நடையில் நாடகம் இல்லை. தெருமுனையில் அது மற்ற காலடிகளோடு கலந்து தேய்ந்த பிறகும் அவள் காதை அங்கேயே வைத்திருந்தாள். திரும்பி வருவான் என்று உள்ளுக்குள் ஒரு மூலை நம்பியிருந்தது போலிருக்கிறது. அவன் வரவில்லை. மாலை ஐந்து மணி ரயில் கூவியதைக் கேட்டாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வழியில் போன ஒரு பெண்ணைக் கேட்டு எதிர்த்தெரு லாட்ஜுக்குப் போனாள். மேனேஜர் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே பேசினார்.

"தனியா வர்ற பொம்பளைக்கே யோசிப்போம். நீங்க பார்வை இல்லாதவங்க வேற. மாடிப்படில விழுந்து வெச்சா யார் பதில் சொல்றது? போலீஸ் எங்களைத்தான் குடையும்."

"தரைத்தளத்துல குடுங்க."

"தரைத்தளத்துல விழ மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்? வேற இடம் பாருங்கம்மா."

அவள் கவுண்டரில் கையை ஊன்றினாள். தன் போனை எடுத்து ஆஸ்பத்திரி எண்ணைப் போட்டாள். மாலை ஷிப்ட் ஆபரேட்டர் எடுத்தாள். "மேட்ரனைக் குடு" என்றாள் இவள். எக்ஸ்டென்ஷன் எண்ணையும் தானே சொன்னாள், அந்தக் கட்டடமே இவள் விரலில் இருந்தது. நர்சுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் வந்ததும் விஷயத்தை மூன்று வரியில் சொன்னாள். பிறகு போனை மேனேஜர் பக்கம் நீட்டினாள். மேட்ரன் என்ன சொன்னாரோ, மேனேஜர் ஐந்தாறு முறை "சரிங்க, சரிங்க" என்றார். பேனா சத்தம் நின்றுவிட்டது.

போன் கைக்குத் திரும்பியதும் அவள் கேட்டாள்: "மேடம், நர்ஸ் ஹாஸ்டல்ல ஒரு கட்டில் கிடைக்குமா? ஒரு ராத்திரிக்கு இல்ல. இருக்கறதுக்கு."

"வா. பார்த்துக்கலாம்."

அறைக்குப் போய் முகம் கழுவுவதற்குள் மகள் கூப்பிட்டாள். வேறு ஊரில் தங்கிப் படிக்கிற பெண். குரலில் சிரிப்பு வழிந்தது.

"அம்மா, ஹேப்பி பர்த்டே! வீடியோ பார்த்தேன். சித்தப்பா போன்ல பதிவு பண்ணிக் குடும்ப குரூப்ல போட்டிருக்கார். நீயும் அப்பாவும் என்னமா நடிச்சிருக்கீங்க! அந்த நாற்காலில உட்கார்ந்தியே, அப்புறம் 'பச்சை'ன்னு சொன்னியே, அய்யோ... என் ரூம்ல எல்லாரும் நாலு தடவை பார்த்தாச்சு."

அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வீடியோ எடுக்கறாங்கன்னே எனக்குத் தெரியாதுடி."

"என்னம்மா?"

"அது அரண்மனைன்னு நினைச்சேன். உங்கப்பா அப்படித்தான் சொன்னார். கைல கலர் விழுதுன்னார். எனக்குத் தெரியல. கண்ணு மொத்தமாப் போயிடுச்சுன்னு நினைச்சேன். அவர் மனசு நோகக் கூடாதுன்னு பச்சைன்னு சொன்னேன். அது ஒண்ணுதான் நடிப்பு."

மகளின் அறையில் வேறு பெண்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ "பச்சையாம்!" என்று சொல்லிக் காட்டினார்கள். மகள் "சும்மா இருங்கடி" என்று கத்தினாள்.

"அம்மா... நான் அதுக்குக் கீழ சிரிப்புப் பொம்மை போட்டிருக்கேம்மா. மூணு."

"தெரியாம போட்டே."

"எடுத்துடறேன். இப்பவே எடுத்துடறேன்."

"எடுத்துக்கோ. பார்த்தவங்க பார்த்ததுதான்."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று போனை வைத்த பிறகு தோன்றியது. குழந்தை அழுதபடியே வைத்தாள். ஆனால் அவளிடம் அன்றைக்கு ஆறுதல் என்று மிச்சம் எதுவும் இல்லை. அவ்வளவையும் அந்தக் கிடங்கில் புருஷனுக்கே கொடுத்துத் தீர்த்திருந்தாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கே அரண்மனை வாசலில் நின்றாள். சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாலும் துருக்கறை போகவில்லை என்று லாட்ஜில் கூட்டுகிற பெண் சொல்லியிருந்தாள். டிக்கெட் கிழிக்கிற பெண் அவளைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். குரல் கொடுத்துப் பார்த்தாள். போன குரல் எங்கோ உயரத்தில் இடித்து, ஆற அமரத் திரும்பி வந்தது. மண்டபம் என்றால் இது மண்டபம்.

"பதினொண்ணுக்குத்தாம்மா நல்லா விழும். உட்காருங்க."

உட்கார்ந்திருந்தாள். நடுவில் போன் இரண்டு தடவை அடித்தது. முதல் தடவை எடுத்தாள். பின்னால் பஸ் இரைச்சல். "எந்த ரயில்ல வர்றே? வீட்டுல பால்கூடக் காய்ச்ச ஆளில்ல" என்றான் அவன். நேற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. "நான் வீட்டுக்கு வரல. ஹாஸ்டலுக்குப் போறேன்" என்றாள். "விளையாடாத" என்றான். அவள் வைத்துவிட்டாள். இரண்டாவது தடவை எடுக்கவில்லை.

"இப்ப வாங்க" என்றாள் டிக்கெட் பெண்.

மண்டபத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். அவள் கையை உடனே நீட்டவில்லை. நீட்டப் பயமாக இருந்தது. பக்கத்தில் யார் நிற்கிறார்கள், யார் மூச்சை அடக்குகிறார்கள் என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். ஒரு குடும்பம் தூரத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. இனி எந்த இடத்தில் கையை நீட்டினாலும் முதலில் இப்படிக் காது கொடுத்துவிட்டுத்தான் நீட்ட வேண்டியிருக்கும் என்று அப்போது புரிந்தது. புருஷன் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது அதைத்தான். கண் டாக்டர் குறித்த கணக்கில் அது இல்லை.

பிறகு நீட்டினாள். உள்ளங்கையைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து, அரை அங்குலம் திருப்பினாள்.

சிவப்பு. நேற்றைய வாளிச் சிவப்பு இல்லை, அடுப்புக் கனலைப் போல உள்ளிருந்து எரிகிற சிவப்பு. விரலை அசைத்தாள், அதுவும் அசைந்தது.

"தெரியுதாம்மா?" என்றாள் டிக்கெட் பெண், ஆசையாக.

"தெரியுது."

"இந்தப் பக்கம் ஒரு அடி வாங்க. இது பச்சை."

பச்சை வந்தது. மங்கல்தான், பாசி பிடித்த தண்ணீர் மாதிரி. ஆனால் வந்தது.

"இன்னும் ஒரு அடி. இதுதாங்க நீலம். இங்க எல்லாரும் போட்டோ எடுக்கறது இந்த நீலத்துலதான். எப்படி இருக்கு?"

அவள் கையைத் திருப்பினாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். கிட்டே, தூரம், கிட்டே. சாம்பல். வெறும் சாம்பல். அந்தப் பெண் பதிலுக்காகக் காத்திருந்தாள். நல்ல பெண், பாவம், வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறது. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் அது சந்தோஷப்பட்டுப் போகும்.

"நீலம் தெரியலம்மா" என்றாள். "அது போயிடுச்சு."

"அய்யோ..."

"பரவாயில்ல. என்னை அந்தச் சிவப்புலயே கொண்டுபோய் விடு. நான் கொஞ்ச நேரம் நிக்கறேன்."

அந்தப் பெண் கொண்டுபோய் விட்டாள். வெயில் நகர நகர அவளும் அரை அடி, அரை அடியாக நகர்ந்து, அது ஜன்னலடியில் சுருங்கி மறையும்வரை அங்கேயே நின்றாள்.